கீழக்கரும்பூருக்குக் கொம்பு முளைத்த கதை

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். அந்த நாலு பேரையும் முட்டாள்கள் என்று என் வாயால் நான் சொன்னதே கிடையாது. பொன்னுத்தாய் அச்சகத்துக்கு எதிரே இருபத்திரண்டு வருஷமாக சைக்கிள் கடை வைத்திருக்கிறேன். நாலு பேருக்கும் நான்தான் பஞ்சர் ஒட்டுகிறேன். சொன்னதைச் சொன்னபடி செய்கிறவர்கள் அவர்கள். ஊருக்கு அப்படி ஒருத்தர் இருந்தால் பெருமை. எங்கள் ஊரில் நாலு பேர் இருந்தார்கள், நாலு பேரும் ஒரே சங்கத்தில் இருந்தார்கள். அதுதான் சிக்கல்.

சங்கத்தின் பெயர் கீழக்கரும்பூர் கட்டற்ற மென்பொருள் கழகம். தலைவர் குற்றாலிங்கம், ஒரு காலத்தில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் நடத்தியவர். செயலாளர் ஆவுடையப்பன், உரக்கடைக்காரர். உறுப்பினர் பிரம்மசக்தி, அங்கன்வாடி டீச்சர். இன்னொரு உறுப்பினர் மாசானம், மைக் செட் போடுகிறவன். ஸ்பீக்கர் பெட்டி தூக்கித் தூக்கி அவன் கை உலக்கை மாதிரி இருக்கும். மனசு மட்டும் பஞ்சு.

கட்டற்ற மென்பொருள் என்றால் யாரும் எடுத்துக்கொள்ளலாம், யாரும் திருத்தலாம், கட்டுப்பாடு கிடையாது என்று அர்த்தமாம். இதைச் சொன்னவன் ஜெபசிங், சங்கத்தின் ஐந்தாவது ஆள். கம்ப்யூட்டர் தெரிந்த ஒரே ஆளும் அவன்தான். கம்ப்யூட்டரை ஓட்டுகிற லினக்ஸ் ஒன்றைத் தமிழிலேயே எல்லாம் வருகிற மாதிரி செய்து, அதற்குத் தூக்கணாங்குருவி என்று பெயர் வைத்திருந்தான். மற்ற நாலு பேரும் வாரா வாரம் கூடி அதற்கு நன்றி தெரிவித்துத் தீர்மானம் போடுவார்கள்.

சங்கத்தில் ஒரு கண்டிப்பான விதி உண்டு. ஆங்கிலச் சொல் பேசினால் பத்துத் தோப்புக்கரணம். சேர்ந்த முதல் மாதத்தில் ஜெபசிங் எழுநூற்றிருபது போட்டான். முழங்கால் விட்டுப்போன பிறகு வாயைத் திறந்தால் சுத்தத் தமிழ்தான். இந்தக் கதைக்கு விதை அந்த முழங்கால்.

தூக்கணாங்குருவி ஊரில் ஒரே ஒரு இடத்தில்தான் வேலைக்கு இருந்தது, பொன்னுத்தாய் அச்சகத்தில். பொன்னுத்தாய் ஒண்டிக்கட்டை. ஒரு கம்ப்யூட்டர், ஒரு மிஷின், ஒரு முருங்கை மரம், அவ்வளவுதான் அவள் சொத்து. வருஷத்தில் அவளுக்கு உருப்படியாக வருகிற ஒரே வேலை ஆடி மாசம் அம்மன் கோயில் கொடை விழா நோட்டீஸ். ஊரில் நூறு தலைக்கட்டு. வீட்டுக்கு ஒன்றாக நூறு நோட்டீஸ். அந்த வேலை கையை விட்டுப் போனால் கடையைப் பூட்டிவிட்டுத் தீப்பெட்டி ஆபீசுக்குப் போக வேண்டியதுதான் என்று அவளே பலமுறை சொல்லியிருக்கிறாள்.

கொடைக் கமிட்டித் தலைவர் கொம்பையா லேசுப்பட்டவர் இல்லை. போன வருஷமே, "வெள்ளிக்கிழமை காலைல நோட்டீஸ் வரணும். பேருல ஒரு புள்ளி பிசகினாலும் அடுத்த வருஷம் திருநெல்வேலியில அடிச்சுக்கிடுவோம்," என்று சொல்லி வைத்திருந்தார்.

இந்த வருஷம் திங்கட்கிழமை உட்கார்ந்து தட்டினால் எழுத்து கோளாறு. 'கொ' என்று அடித்தால், க-வுக்கு முன்னால் நிற்க வேண்டிய ஒற்றைக் கொம்பு பின்னால் போய் நிற்கிறது. தலைப்பில் 'கொடை' போச்சு. கொம்பையாவுக்கே கொம்பு போச்சு. உபயதாரர் பட்டியலில் சொரிமுத்து நாலு பேர், பொன்னுச்சாமி ரெண்டு பேர், தொட்டிச்சி ஒருத்தி. எங்கள் பக்கம் தடுக்கி விழுந்தால் ஒரு சொரிமுத்து மேல்தான் விழ வேண்டும். எல்லாருக்கும் கொம்பு இடம் மாறிவிட்டது. கடைசி வரியில் பொன்னுத்தாய் அச்சகம் என்று தன் பெயரைத் தட்டிப் பார்த்தாள். அதுவும் அப்படித்தான் வந்தது. அங்கேயே உட்கார்ந்து அழுதாள்.

ஜெபசிங் வந்து பார்த்தான். எழுத்தைத் திரையில் வரைகிற வேலையை ஒரு தனி நிரல் தொகுப்பு பார்க்கிறதாம், அதற்குப் பெயர் எழுத்தாணி. மற்ற நிரல்கள், அதாவது புரோகிராம்கள், எல்லாம் அதைக் கூப்பிட்டு வேலை வாங்கும். அந்த மாதிரித் தொகுப்பை லைப்ரரி என்பார்கள். சங்கத் தமிழில் நூலகம். அதை மூட்டையாக்கி ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் அனுப்புவார்கள், அந்த மூட்டைக்குப் பெயர் பொதி. பழைய பொதியில் கோளாறு, புதுசு போட்டால் சரியாகிவிடும், நாளைக்குக் காலையில் போட்டுவிடுகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனான்.

செவ்வாய்க்கிழமை காலையில் நாகர்கோவிலில் இருந்து போன் வந்தது. அவன் பெண்டாட்டிக்கு வலி எடுத்துவிட்டது, குறித்த நாளுக்கு மூன்று வாரம் முன்னால். பஸ் ஸ்டாண்டுக்கு ஓடுகிற அவசரத்தில் காலண்டர் தாள் ஒன்றைக் கிழித்து, பின்பக்கம் ஆறு வரி எழுதி, தலைவர் கையில் கொடுத்துவிட்டுப் பஸ் ஏறினான். நல்ல சுத்தத் தமிழில் எழுதியிருந்தான்.

நாலு பேரும் என் கடை பெஞ்சில் உட்கார்ந்து தாளை விரித்தார்கள். மேலே, 'எழுத்தாணி நூலகத்தைப் புதுப்பிக்கும் முறை' என்று இருந்தது.

"நம்ம நூலகத்துக்கு வெள்ளையடிச்சே பத்து வருஷம் இருக்கும்," என்றான் மாசானம்.

"எழுத்தாணி நூலகம்னு போட்டிருக்கு. நம்ம ஊரு நூலகத்துக்குப் பேரே கிடையாது," என்றார் ஆவுடையப்பன். இது நியாயமாகப் பட்டதால் தலைப்பை விட்டுவிட்டார்கள்.

முதல் வரி: 'மேலோடையிலிருந்து புதிய மூலத்தை இறக்கு.'

நிரலை முதன்முதலில் எழுதுகிறவர்களுக்கு அவர்கள் பாஷையில் மேலோடை என்று பெயராம். அவர்கள் எழுதிய நிரல்தான் மூலம். அது எனக்கு அப்புறம் ஜெபசிங் சொல்லித்தான் தெரியும். ஊருக்கு வடக்கே மேலோடை என்று ஒரு ஓடை நிஜமாகவே ஓடுகிறது என்பது மட்டும் அன்றைக்கு எங்கள் எல்லாருக்கும் தெரியும்.

"மேலோடை சரி. மூலம்னா?" என்றார் தலைவர்.

ஆவுடையப்பன் தொண்டையைச் செருமினார். "எனக்குப் பன்னிரண்டு வருஷமா இருக்கு, அண்ணாச்சி. சங்கத்துக்கு உபயோகப்படும்னா எனக்கு ஆட்சேபணை இல்ல."

தலைவர் அவரை மரியாதையோடு பார்த்தார். "உங்க மனசு பெரிசு. ஆனா புதிய மூலம்னு எழுதியிருக்கான். உங்களது பழசு."

"என் நட்சத்திரம் மூலம்," என்றாள் பிரம்மசக்தி.

"அதுவும் பழசுதான் தாயி."

கடைசியில் ஓடைக்கு மூலம் என்றால் அது பிறக்கிற இடம்தான் என்று முடிவாயிற்று. மாசானம் தலையில் ஒரு பித்தளைக் குடத்தை வைத்துக்கொண்டு, நாலு பேரும் ஓடையோடு மலையடிவாரம் வரைக்கும் நடந்தார்கள். போக மூன்று மணி நேரம். ஊற்றில் தண்ணீர் மொண்டுகொண்டு வர மூன்று மணி நேரம். பாதி வழியில் ஆவுடையப்பனுக்கு ஒரு சந்தேகம் வந்து, "மத்தியானம் எடுத்த தண்ணி இன்னும் புதுசுதானா?" என்று கேட்டார். நல்லவேளை, அவருக்கே நடக்க முடியவில்லை, அதனால் கேள்வியை வாபஸ் வாங்கிக்கொண்டார்.

சாயங்காலம் குடத்தோடு அச்சகத்துக்குள் நுழைந்தார்கள். பொன்னுத்தாய் கம்ப்யூட்டரை மறித்துக்கொண்டு நின்றாள்.

"ஊத்தணுமா அண்ணாச்சி?" என்றான் மாசானம்.

தலைவர் தாளை இன்னொரு முறை வாசித்தார். "இறக்குன்னுதான் எழுதியிருக்கான். ஊத்துன்னு எழுதல."

மாசானம் குடத்தைத் தலையிலிருந்து இறக்கித் தரையில் வைத்தான். முதல் வரி முடிந்தது. அந்த ஒரு சொல்லால் கம்ப்யூட்டர் பிழைத்தது.

"நாளைக்குள்ள முடிஞ்சிருமாண்ணே?" என்று பொன்னுத்தாய் கேட்டாள். மூன்று நாள்தான் இருக்கிறது என்ற பயம் அவளுக்கு.

"ஆறுல ஒண்ணு முடிஞ்சுதும்மா. இன்னும் அஞ்சுதான்," என்றார் தலைவர். கணக்கு சரிதான்.

புதன்கிழமை இரண்டாவது வரி. 'பழைய பொதியைப் பிரி.'

அச்சகத்துப் பரணில் போன வருஷங்களில் கூடுதலாக அடித்து மிஞ்சிய நோட்டீஸ்கள் ஒரு பெரிய மூட்டையாகக் கிடந்தன. பழைய பொதி என்றால் அதைவிடப் பழைய பொதி ஊரில் கிடையாது. மாசானம் இறக்கிக் கொடுத்தான், ஆவுடையப்பன் முடிச்சை அவிழ்த்தார்.

"பிரின்னா அவிழ்த்தாப் போதுமா, பங்கு பிரிக்கணுமா?" என்றாள் பிரம்மசக்தி.

கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு இரண்டையும் செய்துவிடுவது பத்திரம் என்றார் தலைவர். நோட்டீஸ்களை எண்ணி நாலு பங்கு வைத்தார்கள். ஒன்று மிஞ்சியது. அதை எனக்குக் கொடுத்தார்கள், இன்னும் வைத்திருக்கிறேன்.

மூன்றாவது வரி, 'ஒட்டுகளை இடு.' நிரலில் சின்னச் சின்னத் திருத்தம் செய்வதற்கு ஒட்டுப் போடுவது என்று பெயராம். அவர்களுக்கோ முதலில் எழுத்தே தகராறு. அது ஒட்டா ஓட்டா என்று ஆவுடையப்பன் கேட்டார். காலண்டர் தாளில் ஜெபசிங்கின் ஒகரமும் ஓகாரமும் ஒரே மாதிரி இருந்தன. ஒட்டு என்பவர்கள் கை தூக்குங்கள் என்று தலைவர் சொன்னார். இரண்டு கை உயர்ந்தது. ஓட்டு என்பவர்கள் தூக்குங்கள் என்றார். வேறே இரண்டு கை உயர்ந்தது.

"ஓட்டுன்னா இப்பத்தான் போட்டாச்சே. இனி ஒட்டையும் போட்டுட்டா ரெண்டு கட்சிக்கும் சரியாப் போச்சு," என்றாள் பிரம்மசக்தி. அங்கன்வாடியில் பிள்ளைகளின் சண்டையைத் தீர்த்துத் தீர்த்து அவளுக்கு இந்த மாதிரி விஷயத்தில் கைவந்த பழக்கம்.

எதை ஒட்டுவது என்று சொன்னதும் அவள்தான். "கொம்புதானே இடம் மாறி நிக்கு? பழைய நோட்டீஸ்ல நல்ல கொம்பா வெட்டி எடுத்து, புது நோட்டீஸ்ல ஒட்டிட்டா? எங்க பிள்ளைங்க வாழைப்பழம் யானை எல்லாம் இப்படித்தான் ஒட்டும்."

தலைவர் எழுந்து நின்று அவளைப் பாராட்டித் தீர்மானம் போட்டார்.

தலைப்பில் ஒரு கொம்பு, பெயர்களில் ஒன்பது. நோட்டீசுக்குப் பத்து, நூறு நோட்டீசுக்கு ஆயிரம். மற்றச் சொற்களில் கொம்பு எங்கே நின்றாலும் மனுஷன் சமாளித்து வாசித்துவிடுவான், பெயர்தான் முக்கியம் என்று அவற்றை விட்டுவிட்டார்கள். என் கடை பெஞ்சில் உட்கார்ந்து, நாலு கத்தரிக்கோலால், எறும்பு அளவுக் கொம்பை ஒவ்வொன்றாக வெட்டி பிஸ்கட் டப்பாவில் போட்டார்கள். எண்ணூற்றுப் பதினாறு சேர்ந்தபோது ஆவுடையப்பன் தும்மினார். அறுநூற்று நாலு மிஞ்சியது. ஒருவரும் அவரை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவர் மட்டும் மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டார். பொழுது சாய்வதற்குள் ஆயிரம் கொம்பு தயார்.

அதற்குள் பொன்னுத்தாய் சோறு தண்ணி இல்லாமல் பாதி ஆளாகிவிட்டாள். வியாழக்கிழமை காலையில் பொறுக்க மாட்டாமல் ஜெபசிங்குக்கே போன் போட்டாள். பிரசவ வார்டுக்கு வெளியே அவன் உட்கார்ந்திருந்தான். முந்தின நாள் பெண் குழந்தை பிறந்து, தாயும் பிள்ளையும் சுகம். அவள் அழுததைக் கேட்டதும் மடியில் லேப்டாப்பை விரித்தான். அங்கிருந்தே புதுப் பொதியைத் தயார் பண்ணி அனுப்பிவிட்டு, "அக்கா, இப்ப உங்க கணினி 'தொடரலாமா'ன்னு ஒரு கேள்வி கேட்கும். 'ஆம்'னு அடிங்க," என்றான். அவள் அடித்தாள். மொத்தம் நாலு நிமிஷம்.

'கொடை' என்று தட்டிப் பார்த்தாள். கொம்பு முன்னால் வந்து அழகாக நின்றது. அவள் முகத்தில் அன்றைக்கு இருந்த சந்தோஷத்தை என் கடையிலிருந்தே பார்த்தேன். மத்தியானத்துக்குள் நூறு நோட்டீசும் அடித்து முடித்துவிட்டாள். மூன்று நாளில் அவளுக்கு அப்போதுதான் பசி எடுத்தது. வாசலில் நின்ற நாலு பேரிடமும், "நான் போய் ஒரு வாய் சாப்பிட்டு வந்திருதேன். நோட்டீஸைக் கொஞ்சம் பார்த்துக்கோங்கண்ணே," என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனாள். சாப்பிட்ட இடத்திலேயே தூங்கியும் போனாள். ஜெபசிங் போனில் வந்து சரிசெய்த விஷயத்தை அவர்களிடம் சொல்ல மறந்துவிட்டாள். அவளை நான் குறை சொல்ல மாட்டேன்.

நாலு பேரும் நோட்டீஸைப் பார்த்தார்கள். நெடுநேரம் பார்த்தார்கள்.

"கொம்பு சரியாத்தானே நிக்கு?" என்றான் மாசானம்.

"நிக்குது," என்றார் தலைவர்.

"அப்போ ஒட்ட வேண்டாமா?"

தலைவர் காலண்டர் தாளைப் பிரித்தார். "ஒட்டுகளை இடுன்னு எழுதியிருக்கான். கொம்பு இல்லாட்டி இடுன்னு எழுதியிருக்கானா?"

எழுதவில்லை. அதை மூன்று பேரும் மாறி மாறி வாங்கி வாசித்து உறுதி செய்துகொண்டார்கள். பிறகு ஆவுடையப்பன் என் கடைக்கு வந்து பஞ்சர் ஒட்டுகிற சொலூஷன் நாலு டியூப் கேட்டார். நான் கொடுத்தேன். எதுக்கு என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன், என் சொலூஷனில் ஒட்டினது லாரி ஏறினாலும் வராது.

இரண்டு மணி நேரத்தில் ஆயிரம் கொம்பையும் ஒட்டிவிட்டார்கள். ஏற்கெனவே நிற்கிற கொம்புக்குப் பக்கத்தில், தோளோடு தோளாக, இன்னொரு கொம்பு. சும்மா சொல்லக்கூடாது, வேலை சுத்தம்.

நாலாவது வரியில்தான் பெரிய சங்கடம். 'புதிய பொதியைக் கட்டு.'

மாசானம் சணல் எடுத்து வந்தான். தலைவர் கையைக் காட்டித் தடுத்தார்.

"நம்ம சங்கத்துக்குப் பேரு என்ன?"

"கீழக்கரும்பூர் கட்டற்ற மென்பொருள் கழகம்."

"கட்டற்ற. பேருலயே இருக்கு. நாம எப்படிக் கட்ட முடியும்?"

எல்லாரும் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள். கட்டினால் சங்கத்தின் கொள்கை போகும். கட்டாவிட்டால் ஜெபசிங் சொன்னது போகும். கட்டுகிற நேரத்துக்கு மட்டும் ராஜினாமா செய்யலாமா என்று ஆவுடையப்பன் யோசனை சொன்னார். ராஜினாமாவை ஏற்றுக்கொள்ளக் கூட்டம் கூட்ட வேண்டும், அதற்கு ஏழு நாள் நோட்டீஸ் வேண்டும், அந்த நோட்டீஸை யார் அடிப்பது என்று பிரம்மசக்தி கேட்டாள். கடைசியில் மாசானம்தான் வழி சொன்னான். நோட்டீஸ்களை அடுக்கி, சணலை மேலே சும்மா வைத்துவிடுவது. கயிறும் இருக்கும், கட்டும் இருக்காது. தலைவருக்குக் கண் கலங்கிவிட்டது.

ஐந்தாவது வரி: 'களஞ்சியத்தில் மேலேற்று.' பொதிகளை எல்லாம் சேர்த்து வைக்கிற இணைய இடத்துக்குக் களஞ்சியம் என்று பெயராம். எங்கள் ஊரில் களஞ்சியம் என்றால் அம்மன் கோயில் நெற்களஞ்சியம். பனை உயரத்துக்கு நிற்கும், பக்கவாட்டில் ஒரு இரும்பு ஏணி. என்ன ஆகுமோ என்று நானும் கடையைச் சாத்திவிட்டு அவர்கள் பின்னால் போனேன்.

களஞ்சியத்து நிழலில் அப்போது கொடைக் கமிட்டிக் கூட்டம் நடந்துகொண்டிருந்தது. நடுவில் கொம்பையா. நாலு பேரும் வரிசையாக வந்து, கும்பிட்டுவிட்டு, கூட்டத்தின் ஊடே நடந்து ஏணியைப் பிடித்தார்கள். முன்னால் தலைவர், அப்புறம் ஆவுடையப்பன், அப்புறம் நோட்டீஸ் கட்டோடு, இல்லை, கட்டாத நோட்டீசோடு பிரம்மசக்தி, கடைசியாக மாசானம். பேசிக்கொண்டிருந்த கொம்பையா பேச்சை நிறுத்திவிட்டு அவர்களையே பார்த்தார். மூன்று பேர் மேலே போய்ச் சேர்ந்தார்கள். மாசானம் நாலாவது படியில் இருந்தான்.

கொம்பையா கமிட்டிக்காரர்கள் பக்கம் திரும்பி, "சரி, தொடரலாமா?" என்றார்.

மாசானம் அப்படியே நின்றான். ஆறாவது வரி அவனுக்கு மனப்பாடம். 'தொடரலாமா என்று கேட்கும். ஆம் என்று அடி.'

அவனுக்கு இஷ்டமே இல்லை, அதை நான் பார்த்தேன். ஏணியிலிருந்து இறங்கினான். கொம்பையா முன்னால் வந்து நின்று, அவருடைய கண்ணாடியை மெதுவாகக் கழற்றி, மடக்கி, பக்கத்திலிருந்தவர் கையில் பத்திரமாகக் கொடுத்தான். "ஆம்," என்றான். அப்புறம் கன்னத்தில் ஒன்று விட்டான்.

கமிட்டியே எழுந்து நின்றுவிட்டது. கொம்பையாவுக்கு எழுந்திருக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. அந்த நேரத்துக்குத்தான் பொன்னுத்தாய் தூக்கம் கலைந்து, அச்சகத்தில் நோட்டீஸைக் காணாமல், தேடிக்கொண்டு ஓடி வந்தாள்.

"பொன்னுத்தா, இவனுக உன் கடை ஆளுகதானே?" கொம்பையா கன்னத்தைப் பிடித்துக்கொண்டே சொன்னார். "கேட்டுக்கோ. இனி இந்தக் கோயிலுக்கு ஒரு துண்டுச்சீட்டுகூட நீ அடிக்க முடியாது."

அவள் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். நான் அவள் பக்கத்தில் போய் நின்றேன்.

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். மேலே பிரம்மசக்தி கையில் இருந்தது வெறும் காகிதம், அதுவும் கட்டாதது. ஒரு காற்று வந்தது. நூறு நோட்டீசும் எழும்பி, களஞ்சியத்தைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு, ஊர் முழுக்கப் போயிற்று. ஓட்டு மேல், தொழுவத்தில், கிணற்றடியில், கொதிக்கிற குழம்புக்குப் பக்கத்தில் என்று ஒரு தெரு விடாமல் போய் விழுந்தது. லினக்ஸ் செய்து ஊருக்குக் கொடுப்பதற்கு விநியோகம் என்றுதான் பெயராம். தலைவர் மேலே நின்று பார்த்துவிட்டு, "விநியோகமும் முடிஞ்சுது," என்றார்.

ஒரு நோட்டீஸ் கொம்பையா கையில் வந்து விழுந்தது. கண்ணாடியை வாங்கி மாட்டிக்கொண்டு பார்த்தார். முகம் ஒரு மாதிரியாகப் போயிற்று. நோட்டீஸைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார், கிட்டே பிடித்துப் பார்த்தார், தன் பெயரின் மேல் விரலை வைத்துத் தடவினார்.

"எனக்கு ரெண்டு கொம்பா?" என்றார்.

பொன்னுத்தாய் எட்டிப் பார்த்தாள்.

"நாங்கதான் அண்ணாச்சி ஒட்டினோம்," என்றான் மாசானம்.

"போன வருஷம் ஒண்ணுதானே இருந்துச்சு."

"அது பழைய பொதி."

கொம்பையா நோட்டீஸை நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். கன்னத்தை இன்னொரு தடவை தொட்டுப் பார்த்தார். "இதை அடிக்கதுக்கு முந்தியே சொல்லியிருக்கலாம்லாவே," என்றார். பிறகு பொன்னுத்தாயைப் பார்த்து, "அடுத்த வருஷமும் நீயே அடி," என்றார். மாசானம் ஒரு எட்டு முன்னால் வந்தான். நான் அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டேன்.

இதோடு முடிந்திருந்தால் நல்ல கதை. வெள்ளிக்கிழமை விடிந்ததும் அச்சகத்து வாசலில் கூட்டம். முதல் ஆள் கோழிக்கடை மாடசாமி. கையில் நோட்டீஸ்.

"நானும் இந்தக் கோயிலுக்கு உபயம் செய்தவன்தானே? கொம்பையாவுக்கு மட்டும் என்ன கொம்பா முளைச்சிருக்கு?" என்றார்.

பொன்னுத்தாய் நோட்டீஸை வாங்கிப் பார்த்துவிட்டு, "ஆமா அண்ணாச்சி. ரெண்டு," என்றாள்.

அவருக்குப் பின்னால் சுடலை, இசக்கி, பூலுடையார் என்று பெயரில் கொம்பே இல்லாதவர்களின் வரிசை தெருமுக்கு வரைக்கும் நின்றது. நாலு சொரிமுத்துகளும் ஒன்றும் வேண்டாமல் எதிர்ப்பக்கம் நின்று பீடி பிடித்துக்கொண்டிருந்தார்கள். ஊரில் இதுவரை அவர்களை யாரும் அப்படி நிமிர்ந்து பார்த்தது கிடையாது.

சனிக்கிழமை ஜெபசிங் லட்டு டப்பாவோடு வந்து இறங்கினான். வரிசை அன்றைக்கும் கலையவில்லை. பொன்னுத்தாய் நடந்ததை எல்லாம் சொன்னாள். அவன் தலையைப் பிடித்துக்கொண்டு என் கடை பெஞ்சில் உட்கார்ந்தான். "நான்தான் ஆஸ்பத்திரியில இருந்தே அப்டேட் பண்ணிட்டேனே," என்றான். தலைவர் கண்ணைக் காட்டினார். எழுந்து பத்துத் தோப்புக்கரணம் போட்டுவிட்டு மறுபடி உட்கார்ந்தான். நாலு பேரும் அவனுக்கு எதிரே வரிசையாகக் கை கட்டி நின்றார்கள், தங்கள் வேலையில் ஏதாவது குறை உண்டா என்று கேட்பதற்காக. ஜெபசிங் ஒவ்வொருவராகப் பார்த்தான். எவ்வளவு பார்த்தும் அவனுக்குக் கோபம் வரவில்லை.

மாடசாமி வரிசையை விட்டு வந்து அவன் முன்னால் நின்றார். "தம்பி, கம்ப்யூட்டர்ல எல்லாம் முடியும்னு சொல்லுதாங்க. என் பேருக்கு ஒரே ஒரு கொம்பு. ரெண்டு கூட வேண்டாம்."

"அண்ணாச்சி, 'மா'வுக்கு முன்னாடி கொம்பு வெச்சா அது 'மொ' ஆயிரும். உங்க பேரு மொடசாமி ஆயிருமே."

மாடசாமி வானத்தைப் பார்த்தார். மொடசாமி, மொடசாமி என்று இரண்டு தடவை வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். பெண்டாட்டியைத் திரும்பிப் பார்த்தார். அவள் தலையாட்டினாள்.

"இருந்துட்டுப் போகட்டும்," என்றார். "கொம்பு வை."

ஜெபசிங் பெருமூச்சு விட்டான். பொன்னுத்தாயின் கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்கார்ந்தான், 'மொடசாமி' என்று தட்டினான். பெரிய எழுத்தில் திரையில் வந்தது. வரிசையே எட்டிப் பார்த்தது. ஒரு மனுஷனின் பெயரை மாற்றப் போகிறோமே என்ற கவலையில் அவன் கடைசியாக ஒரு முறை திரும்பி, நல்ல மனசோடு, "யோசிச்சுச் சொல்லுங்க அண்ணாச்சி. தொடரலாமா?" என்று கேட்டான்.

நான் பஞ்சர் டியூபைக் கீழே வைத்தேன்.

மாசானம் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தான். ஜெபசிங்கின் கண்ணாடியை மெதுவாகக் கழற்றி, மடக்கி, லட்டு டப்பா மேல் பத்திரமாக வைத்தான்.

"ஆம்," என்றான்.